பாலக்காட்டுக் கடை வேலை: டூட்டி நேரம், ஓ.டி., வார லீவு கேட்டு வாங்குவது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்தும், எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலையிலிருந்தும் பாலக்காடு டவுனுக்குத் துணிக்கடை, நகைக்கடை, பேக்கரி, ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வேலை பார்த்த துணிக்கடையில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணத்துக்காக லேபர் ஆபீஸ் படி ஏறி இறங்கியபோது, எந்த ஆபீஸ், என்ன காகிதம், யாரிடம் கேட்பது என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் இந்த அலைச்சலைப் படவேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் லேபர் ஆபீஸில் உட்கார்ந்ததும் முதலில் கேட்கப்படுவது, "எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்பதுதான். அதற்குப் பதில் கையில் இல்லையென்றால் மீதி எல்லாம் வாய்ப்பேச்சாகிவிடும். அதனால் சண்டை வந்த பிறகு வேண்டாம், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே தயாராக இருங்கள்.

1. உங்கள் வேலைக்கு எந்தச் சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள், எந்த மாநில ரேஷன் கார்டு வைத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் இதில் வராது. கடை எங்கே இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம். பொள்ளாச்சியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாலும் பாலக்காட்டுக் கடைக்குக் கேரளத்தின் 1960-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம்தான். பொள்ளாச்சியிலோ கோவையிலோ உள்ள தமிழ்நாட்டு லேபர் ஆபீஸில் மனு கொடுத்தால் "அங்கே போங்க" என்று திருப்பி அனுப்புவார்கள், நாள்தான் வீணாகும்.

இரண்டு மாநிலத்திலும் கிளை வைத்திருக்கும் கடைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு மாதம் கோவைக் கிளை, அடுத்த மாதம் பாலக்காட்டுக் கிளை என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். எந்தத் தேதியில் எந்தக் கிளையில் நின்றீர்கள் என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். இல்லையென்றால் அந்த ஆபீஸ் இந்த ஆபீஸைக் கைகாட்டும், இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் கைகாட்டும்.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் இருப்பவர்களுக்கு வழி வேறு. அவர்களுக்கு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய மத்தியச் சட்டத் தொகுப்பு பொருந்தும். நாளைக்கு 8 மணி நேரம், கூடுதல் வேலைக்கு இரட்டைக் கூலி, அதுவும் உங்கள் சம்மதத்தோடு என்பது அதிலும் உண்டு. புகாரை ஃபேக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் துறையிடம் கொடுக்கவேண்டும். இனி நான் சொல்வது கடை, ஹோட்டல், பேக்கரிக்காரர்களுக்கு.

2. இந்த எண்களை மனதில் வையுங்கள்

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓ.டி. சேர்த்தாலும் ஒரு நாளில் 10 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, ஸ்டாக் எடுக்கிற நாளும் கணக்கு முடிக்கிற நாளும் மட்டும் விதிவிலக்கு. மூன்று மாதத்துக்கு ஓ.டி. மொத்தம் 50 மணி நேரம்தான். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் ஓய்வு தரவேண்டும். 20 நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு ஓடி வா என்பதை ஓய்வு என்று எழுத முடியாது.

அடுத்தது, பலருக்கும் தெரியாத எண்: பத்தரை மணி நேரம். காலையில் வேலை தொடங்கிய நிமிடத்திலிருந்து இரவு முடியும் நிமிடம்வரை, நடுவில் விடும் ஓய்வையும் சேர்த்து, பத்தரை மணி நேரத்துக்குள் இருக்கவேண்டும். ஹோட்டல்காரர்கள் இதில்தான் நம்மைப் பிடிப்பார்கள். காலை 7 முதல் 11, மறுபடி சாயங்காலம் 5 முதல் 9 என்று டூட்டி போட்டுவிட்டு "எட்டு மணி நேரம்தானே வேலை" என்பார்கள். கூட்டினால் எட்டுதான், ஆனால் 7 மணிக்கு ஆரம்பித்த ஆள் 9 மணிக்குத்தான் விடுபடுகிறார், 14 மணி நேரம். நடுவில் விடும் ஆறு மணி நேரத்தில் வேலந்தாவளம் போய்வர முடியுமா? கடையின் பின்பக்கம் அரிசி மூட்டை மேல் படுத்துக் கிடக்கிறார்கள். இது சட்டப்படி தப்பு, தயங்காமல் புகாரில் எழுதலாம்.

வாரத்தில் ஒரு முழு நாள் லீவு, அதற்காகச் சம்பளம் பிடிக்கக்கூடாது. 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கடையை வாரம் ஏழு நாளும் திறந்து வைக்கலாம், ஆனால் ஆளுக்கு ஒரு நாள் லீவு கொடுத்தே ஆகவேண்டும். "கடைக்கே லீவு இல்லை, உனக்கு எதற்கு" என்று கேட்கிற மேனேஜர்கள் இந்தத் திருத்தத்தின் முதல் பாதியை மட்டும் படித்தவர்கள்.

அதே திருத்தம்தான் உட்கார இருக்கை போடவேண்டும் என்பதையும் கட்டாயமாக்கியது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடி வாங்கிய உரிமை அது. ஸ்டூலைப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தால் முறைப்பது ஊர் முழுக்க நடக்கிறது, அதையும் புகாரில் சேர்க்கலாம். பெண்களை இரவு 9 மணிக்கு மேல் வைத்திருக்கவேண்டுமானால் அவர்கள் சம்மதம் வேண்டும், குறைந்தது இரண்டு பெண்களாவது உள்ள ஐந்து பேராவது கொண்ட குழுவாக இருக்கவேண்டும், பாதுகாப்புக்கும் வீடு திரும்ப வண்டிக்கும் ஏற்பாடு செய்யவேண்டும். கொழிஞ்சாம்பாறைக்குக் கடைசி பஸ் போன பிறகு "ஆட்டோ பிடிச்சுப் போ" என்று சொல்வது ஏற்பாடு ஆகாது.

ஒரு வருடம் முடித்தால் சம்பளத்தோடு 12 நாள் ஆண்டு விடுப்பு உண்டு. இதைத் தவிர உடம்பு சரியில்லாததற்கு 12, சொந்தக் காரியத்துக்கு 12.

3. சேரும் நாளில் காகிதங்கள்

முதலில் வேலை நியமனக் கடிதம் கேளுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் அது கட்டாயம். கொடுக்கவில்லையா, சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வேண்டும் என்று நில்லுங்கள். வங்கிப் பாஸ்புக்கில் கடையின் பெயரோடு மாதாமாதம் ஏறும் தொகை, நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்கு யாரும் மறுக்க முடியாத சாட்சி. பாதிச் சம்பளத்தைக் கணக்கிலும் மீதியைக் கையிலும் தருவது இங்கே சாதாரணம். கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் தேதியையும் தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண் இருந்தால் அவையும் சாட்சிதான். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, 10 பேர் உள்ள கடையில் ஈ.எஸ்.ஐ. வரவேண்டும், உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள். கடைத் தொழிலாளர் நல நிதி வாரிய அட்டை இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆதார் போன்ற அசல் சான்றிதழ்களைக் கடையில் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். அப்புறம், எழுதாத வெள்ளைத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். "எல்லாரும் போட்டாச்சு" என்பார்கள். அந்தத் தாளில்தான் பின்னால் "எனக்கு வரவேண்டிய தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதப்படும்.

4. தினமும் நேரத்தை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைச் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

எங்கள் கடையில் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக 9.30, 6.30 என்று மாத ஆரம்பத்திலேயே ஒரே பேனாவில் எழுதி வைத்திருப்பார்கள், சரியாக ஒரு மணி நேரம் ஓய்வு போக எட்டு மணி நேரம் வரும்படி. நாங்கள் காலையில் வந்ததும் இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போடவேண்டும், வரும்போதே போகிற கையெழுத்தும் சேர்த்து. இரவு ஷட்டர் இறங்கும்போது மணி 8.30 தாண்டியிருக்கும். அதிகாரி வந்து பார்த்தால் அந்தப் பதிவேட்டில் குற்றம் எதுவும் தெரியாது.

அதற்கு எதிராக நம்மிடம் இருக்கவேண்டியது ஒரு நோட்டு. சின்னக் கோடு போட்ட நோட்டு போதும். தேதி, வந்த நேரம், சாப்பாட்டுக்குப் போன நேரம், திரும்பிய நேரம், வேலை முடிந்த நேரம், அன்று என்ன வேலை, எந்த செக்‌ஷன். லீவு நாளில் கூப்பிட்டால் கூப்பிட்டவர் யார் என்பதையும் எழுதுங்கள். அன்றன்று இரவே எழுதவேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினால் மை நிறமும் கையெழுத்தும் காட்டிக்கொடுத்துவிடும், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

நோட்டுக்குத் துணையாக வேறு சாட்சிகளும் வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் போடும் டூட்டி லிஸ்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். வேலையை விட்ட அன்றே குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். இரவு பஸ் டிக்கெட்டில் நேரம் அச்சாகியிருக்கும், ஆனால் அந்த மை சீக்கிரம் மங்கிவிடும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சிங் மெஷின் இருந்தால் "பஞ்ச் அடிச்சிட்டு வந்து வேலையைப் பாரு" என்று சொல்கிற நாட்களை நோட்டில் தனியாகக் குறியுங்கள்.

5. கணக்குப் போடுங்கள்

லேபர் ஆபீஸுக்குப் போகும்போது "நிறைய ஓ.டி. பார்த்தேன்" என்று போகாதீர்கள், தொகையோடு போங்கள். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி, அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி, அதன் இரட்டிப்பு ஓ.டி. கூலி. 13,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 500, மணிக்கு 62.50, ஓ.டி. மணிக்கு 125 ரூபாய். காலை 9.30 முதல் இரவு 8.30 வரை, ஒரு மணி நேரச் சாப்பாட்டு ஓய்வு போக 10 மணி நேரம். தினமும் 2 மணி நேரம் ஓ.டி., அதாவது 250 ரூபாய். 26 நாளைக்கு 6,500. சரியாகப் பாதிச் சம்பளம் அளவு பணம் நம் கைக்கு வராமலே போகிறது. அதோடு ஒரே மாதத்தில் 52 மணி நேரம் ஆகிவிட்டது, மூன்று மாதத்துக்கே 50 தான் வரம்பு. பத்தரை மணி நேர எல்லையும் தினமும் அரை மணி மீறப்படுகிறது. ஒரே டூட்டி லிஸ்டில் மூன்று மீறல்கள், மூன்றையும் தனித்தனியாக எழுதவேண்டும்.

தாமத ஃபைன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 10 நிமிடம் தாமதமாக வந்ததற்கு அரை நாள் சம்பளம் பிடிப்பது செல்லாது. வராத நேரத்துக்கு ஏற்ற அளவுதான் பிடிக்கலாம். ஃபைன் என்று தனியாகப் போட்டாலும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, பிடிப்பதற்கு முன் விளக்கம் கேட்கவேண்டும்.

"உன்னை சூப்பர்வைசர் ஆக்கியாச்சு, சூப்பர்வைசருக்கு ஓ.டி. கிடையாது" என்றொரு தந்திரமும் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சட்டம் பொருந்தாது. ஆள் எடுக்கவும் நிறுத்தவும் லீவு அனுமதிக்கவும் உங்களுக்கு அதிகாரம் இல்லை, நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பேட்ஜில் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் தொழிலாளிதான். என்ன வேலை செய்தீர்கள் என்பதை நோட்டில் எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

6. புகார் கொடுப்பது

கடை விஷயத்துக்கு நேரடி அதிகாரி அசிஸ்டன்ட் லேபர் ஆபீசர். கடை இருக்கும் இடத்தை வைத்து அவருக்கு எல்லை பிரித்திருப்பார்கள். உங்கள் கடை எந்த எல்லைக்குள் வருகிறது என்பதை மாவட்ட லேபர் ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். அலைய முடியாதவர்கள் தொழிலாளர் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 55214-க்குப் பேசலாம். புகாருக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. தட்டச்சு, நகல், ஸ்பீட் போஸ்ட் செலவு மட்டும்தான். "ஆபீஸில் எனக்கு ஆள் தெரியும்" என்று பணம் கேட்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவேண்டாம்.

தமிழில் எழுதலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எழுதலாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தரவேண்டும். துறைத் தலைமைக்கும் தமிழில் எழுதலாம். ஆனாலும் என் யோசனை: தமிழ் மனுவோடு ஒரு மலையாளப் பிரதியும் வையுங்கள். மேஜையில் இருப்பவர் அன்றே படித்துவிடுவார். மலையாளம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், இல்லையென்றால் அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) கேட்டுப் பாருங்கள்.

புகார் இரண்டு வகை, இரண்டையும் ஒரே தாளில் குழப்பாதீர்கள். கடையில் நேரம் மீறுகிறார்கள், இருக்கை இல்லை, வார லீவு இல்லை என்பது முதல் வகை. அதற்கு அதிகாரி கடைக்கு வந்து பார்ப்பார், உங்கள் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லவேண்டாம் என்று மனுவிலேயே எழுதிக் கேளுங்கள். எந்த நேரத்தில் வந்தால் மீறல் கண்ணில் படும் என்பதையும் எழுதுங்கள். பகல் 3 மணிக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், இரவு 8 மணிக்கு மேல் வரச்சொல்லுங்கள். கையெழுத்தில்லாத மொட்டைக் கடுதாசி மட்டும் வேண்டாம்.

எனக்கு இவ்வளவு பணம் வரவேண்டும் என்பது இரண்டாவது வகை. இதில் பெயரை மறைக்க முடியாது. மனுவோடு சம்பளச் சான்று, பாஸ்புக் நகல், நோட்டின் நகல், டூட்டி லிஸ்ட் ஸ்கிரீன்ஷாட் அச்சு, கணக்குத் தாள் எல்லாம் இணைக்கவேண்டும். அசல் நோட்டைக் கையைவிட்டு விடாதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பிரதியில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வரக்கூடாது.

கால அளவு முக்கியம். பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் 6 மாதத்துக்குள் கேட்கவேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பரில் அமலான கூலிச் சட்டத் தொகுப்பில் அது 3 ஆண்டாகியிருக்கிறது. சம்பளம் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பையும் அது முதலாளி மேல் வைக்கிறது. இருந்தாலும் 6 மாதத்துக்குள் போய்விடுங்கள். தாமதமானால் சட்டத்தை விடச் சாட்சிதான் முதலில் போகும், கூட வேலை பார்த்தவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் போகாமல் இருந்தால் நல்லது, போனஸ் தகராறுகளில் ஆபீஸே மூழ்கியிருக்கும்.

மனு கொடுத்துவிட்டுச் சத்தமே இல்லை என்றால் தகவல் அறியும் சட்டத்தில் 10 ரூபாய்க்கு விண்ணப்பம் போட்டு, உங்கள் மனு மேல் என்ன நடவடிக்கை, கடையை எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். பல நேரம் அந்த விண்ணப்பம் போனதுமே ஃபைல் நகர ஆரம்பிக்கும்.

7. வேலையை விட்டு நிறுத்தினால்

புகார் கொடுத்ததும் நிறுத்துவார்களோ என்ற பயம் நியாயமானது. முடிந்தவரை நாலைந்து பேர் சேர்ந்து மனு கொடுங்கள், ஒருவரைத் தனியாகப் பிடுங்குவது அப்போது கஷ்டம். "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று வாயால் சொன்னால், அன்றே கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள்: இன்னார் இந்தத் தேதியில் வரவேண்டாம் என்றார், நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன் என்று. இது இல்லையென்றால் "அவராகவே நின்றுவிட்டார்" என்பார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால்தான் சம்பள பாக்கி என்று சொன்னாலும் எழுதாதீர்கள். வேலையை விட்டாலும் நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் தரவேண்டும் என்று கூலிச் சட்டத் தொகுப்பு சொல்கிறது.

லேபர் ஆபீஸில் பேசித் தீராவிட்டால் விஷயம் பாலக்காட்டிலேயே உள்ள தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்கவேண்டாம். பெண்களுக்கும், தொழிலாளர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் சட்ட உதவி இலவசம், 15100-க்குப் பேசினால் வழி சொல்வார்கள்.

8. சமரசப் பேச்சில்

இரண்டு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேசுவார்கள். கடைத் தரப்பில் மேனேஜரோ கணக்கரோ வருவார், முதல் தடவை யாரும் வராமலும் போகலாம், அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். நீங்கள் மட்டும் ஒரு தேதியையும் தவறவிடாதீர்கள், வரமுடியாத நாளென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மலையாளத்தில் வேகமாகப் பேசிக்கொண்டே போனால் நிறுத்தித் தமிழில் சொல்லக் கேளுங்கள், பாலக்காட்டு அதிகாரிகளில் பலருக்குத் தமிழ் நன்றாக வரும்.

அவர்கள் முதலில் சொல்லும் தொகை குறைவாகத்தான் இருக்கும். எதுவரை இறங்கலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். ஒத்துக்கொண்டால் ஒப்பந்தத் தாளை ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓ.டி. பாக்கிக்கு மட்டும் பேசியிருக்க, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வரி உள்ளே நுழைந்திருந்தால் பி.எஃப்., போனஸ், லீவுச் சம்பளம் எல்லாம் அதோடு போய்விடும், அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். தொகை, கொடுக்கவேண்டிய தேதி, எந்த வங்கிக் கணக்கு என்பதெல்லாம் தாளிலேயே இருக்கவேண்டும். செக் கொடுத்தால் செக் எண்ணையும் தேதியையும் எழுத வையுங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்துப் போடுவது மட்டும், பணம் கணக்கில் ஏறிய பிறகு.